இடப்பக்கத்து ஜன்னல்

அது நடந்தபோது மணி பகல் இரண்டு.

சிரிக்காதீர்கள். நடுச்சாமம் ஆனால்தான் அதெல்லாம் நடமாடும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? உச்சி வெயிலில் பிள்ளைகளைத் தோட்டத்துப் பக்கம் விடாதே என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள்தான் மறந்திருப்பீர்கள். சரி... கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள்.

காரமடை தாண்டி மேற்கே பிரிகிறது ஒரு தோட்டத்துச் சாலை. தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், சித்திரைக் கடைசி. தார் உருகி டயரில் ஒட்டுகிற வெயில். இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. காற்று இல்லை. ஆள் இல்லை. ஆடு மாடு கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு டி.வி.எஸ். வண்டி போய்க்கொண்டிருந்தது. தோப்புக்குள் எங்கேயோ ஒரு பாக்கு மட்டை கழன்று விழுந்தது... தொப். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று... தொப். இலை கூட அசையவில்லை, மட்டை மட்டும் விழுகிறதே என்று வண்டியில் போனவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. வண்டியை நிறுத்தவில்லை.

போனவர் இல்யாஸ். நம் கூட்டாளி அனீஸின் அக்காவைக் கட்டியவர். கோட்டைமேட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் எந்த ஸ்டுடியோவில், எந்தப் பிரஸ்ஸில் மெஷின் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் வரும். கெட்டிக்காரர். ஆனால் ஒரு குணம்... எதிரில் இருப்பவர் பாதி சொல்லும்போதே மீதியை இவர் சொல்லி, வைத்தியத்தையும் சொல்லிவிடுவார். "ஆங், தெரியும் தெரியும், இப்படிப் பண்ணுங்க, சரியாயிரும்." நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகியும் விடும். அதனால் அந்தக் குணம் போகவே இல்லை. இன்றைக்கு அவரிடம் பேசிப் பாருங்கள். போனில் யாருக்கும் ஒரு வார்த்தை வழி சொல்ல மாட்டார். "நேர்ல வந்து பாக்கறேன், நீங்க எதையும் தொடாதீங்க" என்று வைத்துவிடுவார். அந்தப் பழக்கம் இந்த நாளுக்கு அப்புறம் வந்தது.

அவர் போய்க்கொண்டிருந்தது ஆறுச்சாமி என்கிற தோட்டக்காரர் வீட்டுக்கு. தோப்புக்கு நடுவில் தனி வீடு. ஆறுச்சாமி, அவர் மனைவி மாரியாத்தாள், ஒரே மகள் லோகப்பிரியா. அந்தப் பெண் காலேஜ் முடித்ததும் அப்பாவை நச்சரித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டில் இருந்தபடியே மேட்டுப்பாளையம் ஸ்டுடியோக்களுக்குப் போட்டோ திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிழிந்த போட்டோவை ஒட்டுவது, கறை எடுப்பது, கடைசி வரைக்கும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்த புருஷன் பெண்டாட்டியை ஒரே படத்தில் உட்கார வைப்பது. வேலை அவ்வளவு சுத்தம்.

அந்த மெஷினைப் போட்டுக் கொடுத்தவர் இல்யாஸ்தான். பிறகு அவள் கேட்டுக்கொண்டதால் உள்ளே இன்னொரு கார்டு செருகி, இரண்டாவது மானிட்டரும் மாட்டிக் கொடுத்தார். வலது பக்கத் திரையில் தூரிகை, ரப்பர், கலர்ப் பெட்டி எல்லாம் இருக்கும். இடது பக்கத் திரையில் போட்டோ மட்டும். விண்டோ என்கிற வார்த்தை அவள் வாயில் வராது. ஜன்னல் என்றுதான் சொல்லுவாள். "அண்ணா, இந்த ஜன்னல் பெருசாக மாட்டீங்குதுங்." "அண்ணா, எடப்பக்கத்து ஜன்னல் தொங்கிப் போச்சுங்." இல்யாஸ் கேலி பண்ணுவார். கேலி பண்ணிப் பண்ணிக் கடைசியில் அவருக்கும் அதே வார்த்தை பழகிவிட்டது.

தை மாதம் அவளுக்குக் காமாலை வந்தது. பத்தே நாள்... போய்விட்டாள். வயசு இருபத்து மூன்று.

இல்யாஸுக்குத் தகவல் வந்ததே ஒரு வாரம் கழித்துத்தான். துக்கம் கேட்கப் போகவேண்டும் போகவேண்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். அந்த உறுத்தல் அவருக்கு இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊர் முகத்தையெல்லாம் திருத்திய அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் பச்சைப் பட்டு கட்டி, ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. அதைத் தன் மெஷினில் ஏற்றித் திருத்திக்கொண்டிருக்கும்போதே படுத்துவிட்டாள். ஸ்டுடியோவில் நெகட்டிவ் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டது. பிரிண்ட்டை அழுகிற அழுகையில் யாரோ அவள் நெஞ்சின் மேலேயே வைத்து, அதுவும் அவளோடு போய்விட்டது. ஆக, மெஷினுக்குள் இருக்கிற அந்த ஒரு ஃபைல்தான் மிச்சம். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும். பெற்றவர்களுக்கு அந்த ஒரு ஆசைதான்.

படம் திறக்கிறது... நிற்க மாட்டேன் என்கிறது. ஆறுச்சாமி முதலில் போன் பண்ணிச் சொன்னார். "தொறந்தவொடனே மொகம் தெரியுதுங்க தம்பி. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள அப்படியே எடப்பக்கமா நழுவி, திரையை உட்டு வெளிய போயிருதுங்க."

இல்யாஸுக்கு அது புதிதில்லை. இடது பக்க மானிட்டரை எடுத்திருப்பார்கள், மெஷினுக்கு அது தெரியாது. படத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்கிறது. வருகிறேன் என்றார். வேலை நெருக்கடியில் பத்து நாள் போய்விட்டது.

அப்புறம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாரியாத்தாளே கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, பாப்பாவோட அம்மா பேசறனுங். அந்த எடப்பக்கத்து ஜன்னலு... மூடுனா நிக்க மாட்டீங்குதுங். மூடி மூடி வெச்சாலும்..."

"தெரியுமுங்கம்மா, ஐயா சொன்னாரு. அதை மூடாதீங்க. மூட மூடத்தான் அது அந்த எடத்தையே நெனப்புல வெச்சுக்கும்."



"மூட வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க. தொறந்தே உடுங்க. வெளிய போனது தானா உள்ள வரும்."

"வருமுங்களா, தம்பி?"

"வராம எங்கீங்க போகுது? நாளைக்கு மத்தியானம் நானே வாரேன். அதுக்குள்ளயே வந்தாலும் வந்துருமுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போனை வைக்கும்போது அந்த அம்மா விம்முகிற மாதிரி இருந்தது. படம் கிடைக்கப்போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

வண்டியை வாசலில் நிறுத்தியபோது மாரியாத்தாள் நடையிலேயே நின்றிருந்தார். இராத்திரி தூங்காத கண். ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு... மகளைப் பறிகொடுத்து நாலு மாதம் ஆகாத முகமாக அது இல்லை. துக்கம் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நாலு வார்த்தை இல்யாஸுக்கு வாயில் வரவில்லை.

"வாங் தம்பி, வேகாத வெயில்ல வந்திருக்கறீங். உக்காருங், மோரு கொண்டாறேன். அவிய மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருக்கறாங்."

மெஷினை நடு ஹாலில் ஒரு மேசை மேல் வைத்திருந்தார்கள். மேசைக்கு இடது பக்கம் ஒரு கதவு. கொண்டியில் பூட்டு திறந்தபடி தொங்கியது, சாவி அதிலேயே இருந்தது. கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

"பாப்பா ரூமுங்களா அம்மா?"

"ஆமாங். அடைப்புப் போட்டிருந்துதுங்."

பூட்டி வைத்திருந்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அரப்பு வாசனை. யாரோ இப்போதுதான் தலைக்கு அரப்புத் தேய்த்துக் குளித்து, ஈரம் சொட்ட அந்த அறைக்குள் போன மாதிரி... பச்சை இலையும் ஈரமும். மாரியாத்தாளின் தலை காய்ந்து கிடந்தது.

சரி, நமக்கென்ன என்று மெஷினைப் போட்டார். ஃபேன் டக், டக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் தட்டிக்கொண்டே சுற்றியது. போட்டோ திருத்துகிற சாஃப்ட்வேர் திறந்தது. ஃபைலைத் தேடி அதன் பெயர் மேல் மௌஸை வைத்தார். ஓரத்தில் தபால்தலை அளவுக்கு அந்தப் படம் தெரிந்தது. அது ஒரு வசதி, திறப்பதற்கு முன்னாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். பச்சைப் பட்டு, நாற்காலி, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடி. லோகப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். 

திறந்தார்.

படத்தின் ஓரம் ஒரு நொடி தெரிந்தது. பிறகு சரசரவென்று இடது பக்கமாக நழுவி... திரையை விட்டுப் போய்விட்டது.

"இதேதானுங்" என்றார் மாரியாத்தாள், பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லீங்கம்மா. பழைய மானிட்டர் அங்க இருக்குதுன்னு நெனச்சுட்டுப் போகுது. உள்ள இருக்கற கார்டைக் கழட்டிட்டா ஆச்சு."

மெஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, போன வருஷம் தன் கையால் செருகிய கார்டைத் தன் கையாலேயே பிடுங்கினார். சூடான தூசி வாசனை. மறுபடி போட்டார். இனிமேல் இந்த மெஷினுக்கு இடது பக்கம் என்று ஒன்று கிடையாது. திரை முடிகிற இடத்தில் உலகம் முடிந்தது.

திறந்தார்... இடது பக்கமாக நழுவிப் போய்விட்டது.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு வழி இருக்கிறது. அந்த சாஃப்ட்வேர், எதை எங்கே வைத்தோம் என்பதையெல்லாம் ஒரு சின்ன ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அதை அழித்துவிட்டால் எல்லாம் மறந்து, வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி புதிதாகத் திறக்கும். அழித்தார். மேலே கலர்ப் பெட்டியும் தூரிகைப் பெட்டியும் ஒழுங்காக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. எல்லாம் மறந்துவிட்டது. படத்தைத் திறந்தார்.

அது மட்டும் மறக்கவில்லை. இந்தத் தடவை அவசரமே இல்லாமல்... மெதுவாகப் போனது.

இல்யாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். தெரியாத வேலையில் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை. இது விரல் நுனியில் இருக்கிற வேலை. வெளியே தோப்பில் மட்டை விழுந்தது... தொப்.

கடைசி வழி. மௌஸைத் தொடாமல் கீபோர்டில் இரண்டு மூன்று கீயை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத விண்டோவையும் அம்புக்குறி கீயால் இழுத்து வரலாம். அழுத்தினார். வலது பக்க அம்புக்குறி மேல் விரலை வைத்தார். டொக். டொக். டொக். ஒன்றும் வரவில்லை. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். எவ்வளவு தூரம் போயிருந்ததோ... முழுசாக ஒரு நிமிஷம் அழுத்திக்கொண்டே இருந்தார். இவ்வளவு தூரத்துக்கு எந்த மானிட்டரும் கிடையாது.

வந்தது. வலது ஓரம் முதலில் தலை காட்டியது. பூ ஜாடி. பிறகு நீலத் திரைச்சீலை. நாற்காலியின் ஒரு கை. பிறகு...

பிறகு நாற்காலிதான். முழு நாற்காலி. அதில் ஆள் இல்லை.

இல்யாஸ் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அவளையே தனியாக வெட்டி எடுத்து படத்துக்கு அடியில் வேறு அடுக்கில் மறைத்து வைத்திருப்பாளோ என்று தேடினார். இல்லை. ஒரே அடுக்கு. எங்கேயாவது அழித்த தடம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார். அதுவும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்த நாற்காலிச் சாய்வு... அதில் செதுக்கின மயில்... மயிலின் கழுத்தில் ஒரு கீறல். எப்பேர்ப்பட்ட கைக்காரரும் அதை இல்லாததிலிருந்து வரைய முடியாது. மெத்தையில் யாரோ இப்போதுதான் எழுந்து போன பள்ளம் இருந்தது.

"அம்மா... படத்துல... பாப்பா..."

"அவதான் வந்துட்டாளேங் தம்பி. அப்புறம் படத்துல எப்படி இருப்பா?"

திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னபடியே மூடலீங். நேத்து ராத்திரி பூராத் தொறந்தே கெடந்துது. விடியக்காலம் அரப்பு வாசம் வந்துது. அப்பவே தெரிஞ்சுபோச்சுங்."

"எது தொறந்து கெடந்துதுங்க?"

"ஜன்னலுங் தம்பி. பாப்பா ரூம்ல இருக்கற எடப்பக்கத்து ஜன்னலு."

இல்யாஸுக்கு அப்போதும் விளங்கவில்லை. மாரியாத்தாள் ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். லோகப்பிரியா போன நேரம், அடைப்பு நட்சத்திரம். அப்படிப் போனவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. வாசல் வழியாகப் போனால் திரும்பி வர வழி தெரிந்துவிடும். அதனால் அவள் படுத்திருந்த அறையிலேயே குளிப்பாட்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் எண்ணெயும் அரப்பும் வைத்து, இடப்பக்கத்து ஜன்னலின் கம்பியை அறுத்து அது வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள். அப்புறம் ஜன்னலைச் சாத்தி, அறையைப் பூட்டி, ஆறு மாதம் அடைப்பு. ஆறு மாதத்துக்கு யாரும் திறக்கக் கூடாது. திறந்தால்...

"பத்து நாளா அது தானாத் தொறந்துக்குதுங் தம்பி. அவிய போயிச் சாத்துவாங்க, மறுபடி தொறந்துக்கும். புள்ள வந்து வந்து நிக்கறா, நாம சாத்திச் சாத்தித் தொரத்தறமோன்னு எனக்கு வவுறு எரியுதுங். யாருகிட்டக் கேக்கறது? பாப்பா, ஜன்னல்ல என்ன கோளாறுன்னாலும் இல்யாஸ் அண்ணனத்தான் கேப்பா. அதான் உங்களக் கூப்புட்டங்."

அடப் பாவமே. அந்த மனுஷனின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதை மூடாதீங்க. தொறந்தே உடுங்க. வெளிய போனது தானா உள்ள வரும். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதிலேயே திரும்ப விழுந்தது. 

அப்போது அந்த அறைக்குள்ளே ஒரு சத்தம். டொய்ங்... அதைத் தொடர்ந்து மெல்லிசாக ஒரு பொரிகிற சத்தம். நமக்கென்றால் தெரிந்திருக்காது. தினமும் கேட்கிற அவருக்குத் தெரியும். மானிட்டரை ஆன் பண்ணினால் வருகிற சத்தம் அது.

"அந்த... இன்னொரு மானிட்டர் அங்கதான் இருக்குதுங்களா?"

"ஆமாங். மெஷினை இங்க எடுத்துட்டு வந்தப்ப அது மட்டும் அங்கயே நின்னுபோச்சுங்."

"கரண்ட் குடுத்திருக்கறீங்களா?"

"இல்லீங்ளே. அதோட வொயரு இங்க கெடக்குதுங்" என்று மேசைக் கோடியைக் காட்டினார். சுருட்டி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது.

கதவின் அந்த நாலு விரல் இடைவெளியில் வெளிச்சம் மாறியது. வெயிலின் மஞ்சள் போய், திரை வெளிச்சத்தின் நீலம். இல்யாஸ் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. திருப்ப மாட்டேன் என்று கழுத்தே பிடிவாதம் பிடித்தது என்பார். வாய்க்குள் ஓத ஆரம்பித்தார். ஓதிக்கொண்டே படத்தை மூடப் போனார். மூடிவிட்டு எழுந்து ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூடவில்லை. நடுத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மூடுவதற்கு முன்னால், செய்த மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. எஸ். நோ. கேன்சல்.

அவர் எதையும் மாற்றவே இல்லை. ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. மாற்றியது அவர் இல்லை.

எவ்வளவு பயந்திருந்தாலும் மூளை வேலை செய்தது. நோ கொடுத்தால் இப்போது நடந்தது எதுவும் நடக்காத மாதிரி. நாற்காலியில் அவள் இருக்கிற பழைய படம் அப்படியே ஃபைலில் இருக்கும். ஆறுச்சாமி பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம், பொட்டு வைத்துக் கும்பிடலாம். அறைக்குள் இருப்பதும்... ஒருவேளை வந்த வழியே போய்விடும். எஸ் கொடுத்தால் காலி நாற்காலிதான் நிலைக்கும். மகளின் முகம் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

விரல் நோ இருக்கிற பக்கம் போனது.

"தம்பி." குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "அது என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியுமுங். பாப்பா சொல்லிக் குடுத்திருக்கறா. எஸ்சுன்னா இப்ப இருக்கறது நெலைக்கும். நோன்னா பழையபடி போயிரும்."

"அம்மா, வேண்டாமுங்க. ஒரே படமுங்க அது. அப்புறம் நீங்க அழுதாலும் திரும்பக் கெடைக்காதுங்க."

"நாலு மாசமா அழுதுட்டுத்தானுங் தம்பி இருந்தேன்."

அவர் தோளுக்கு மேலே ஒரு கை வந்தது. விறகு வெட்டி, பாக்கு உரித்துக் காய்த்துப்போன கை. என்டர் என்கிற அந்தப் பெரிய கீ எது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

டொக்.

ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடியது. சிவப்பு விளக்கு மினுக்கியது. நின்றது.

இல்யாஸ் மறுபடி ஃபைலைத் தேடி அதன் பெயர் மேல் மௌஸை வைத்தார். தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. நீலத் திரை, பூ ஜாடி, காலி நாற்காலி.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சுங்களேம்மா... படமே போச்சுங்களே..."

"படம் செத்தவிகளுக்குத்தானுங் மாட்டுவாங்க" என்றார் மாரியாத்தாள். போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, மகளிடம் சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார். "கண்ணு, அண்ணன் கெளம்பறாரு. மறுபடி வாரீங்களான்னு கேளு."

 கதவு... மெதுவாக, உள்பக்கமாக இழுத்துச் சாத்திக்கொண்டது.

ஸ்குரு டிரைவர் கிடந்தது, பை கிடந்தது, செருப்பு ஒன்று கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தார். காரமடை வந்து ஒரு சோடா குடிக்கிற வரைக்கும் வலது கால் வெறுங்காலாக இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் காய்ச்சல். மனைவி சாஜிதா, வெயில் கொளுத்துதேன்னு சொன்னேன், கேட்டாரா என்று எல்லோரிடமும் திட்டிக்கொண்டிருந்தார். யாரிடமும் இவர் வாயைத் திறக்கவில்லை. பாதி மனசு பயந்தது. இன்னொரு பாதி வேறு மாதிரி சமாதானம் சொன்னது. பெற்றவள் கூப்பிட்டாள், பிள்ளை வந்தது. இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி கடையைத் திறந்தார்.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஆறுச்சாமி நின்றிருந்தார். தும்பைப்பூவாக வேட்டி கட்டுகிற மனுஷன். அன்றைக்கு வேட்டி அழுக்கு. தாடி. பாதி உடம்பாக ஆகியிருந்தார். கையில் இல்யாஸின் பை.

இல்யாஸ் எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"ஏனுங் தம்பி... அதை எப்படீங்க மூடறது?"

இந்தத் தடவை இல்யாஸ் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. முழுசாகக் கேட்டார். "எதைங்க ஐயா? ஜன்னலையா?"

"ஜன்னல நான் அன்னைக்கே பலகை வெச்சு ஆணி அடிச்சுப்போட்டனுங்க. நிக்குது. இப்பத் தொறக்கறதில்லீங்க." தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வந்ததுதான் உள்ளயே இருக்குதுங்க."

"ஐயா... உங்க பொண்ணுதானுங்களே. அம்மா சந்தோசமா இருந்தா..."

"அவ சந்தோசமாத்தான் இருக்கறாளுங்க. தட்டுல சோறு போட்டு அந்த ரூம்ல வெக்கறா, எடுக்கறா. பேசறா, சிரிக்கறா. ஒரு வாரம் நானும் கதவுகிட்டப் போயி உக்காந்து அழுதனுங்க. பாப்பா, ஒருவாட்டி அப்பான்னு கூப்புடுன்னு."

தெருவில் ஒரு ஆட்டோ போனது. 

"கூப்புட்டுதுங்க. முந்தாநாளு. குரலு அச்சு அசலாப் பாப்பா குரலு." பையை மேசை மேல் வைத்தார். "ஆறுச்சாமி, உள்ள வான்னுச்சுங்க."